ரீமேப் செய்த பிறகு ஈசியூ பதில் சொல்லவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் மாற்றிய புரோகிராமை எழுதுவதுதான் ரீமேப். அந்த ஃபைலை ஏற்றும்போதோ, ஏற்றி முடித்த கையோடோ எஞ்சின் ஈசியூ ஊமையாகிவிடுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஸ்கேனர் போட்டால் தொடர்பு கிடைக்காது, செல்ஃப் சுற்றும், வண்டி எடுக்காது. இங்கே பேசப்படுவது பெரும்பாலும் போஷ் நிறுவனத்தின் இடிசி17 டீசல், எம்இடி17 பெட்ரோல் குடும்பங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி, பிஎம்டபிள்யூ கார்களில் பரவலாக இருப்பவை இவை. மற்ற ஈசியூக்களில் பின் எண்களும் மெனுக்களும் மாறும், பழுது தேடும் வழி மாறாது.

ஃபைல் எழுதும்போது பாதியில் நின்றுவிட்டது. இப்போது, இந்த நிமிடமே, என்ன செய்ய வேண்டும்?

சாவியை அணைக்காதீர்கள். கேபிளைப் பிடுங்காதீர்கள். லேப்டாப்பில் மென்பொருளை மூடாதீர்கள். செத்துப்போனதாகச் சொல்லி மேசைக்கு வரும் ஈசியூக்களில் பல, எழுதும்போது கெட்டவை அல்ல. அதற்கடுத்த பத்து நிமிடப் பதற்றத்தில் கெட்டவை.

காரணம் இது. எழுதத் தொடங்கும்போது ரீமேப் கருவி ஈசியூவை புரோகிராமிங் நிலைக்குக் கொண்டுபோய், பாதுகாப்புப் பூட்டைத் திறந்து, பழைய புரோகிராமை அழிக்கிறது. அந்த நேரத்தில் ஈசியூவுக்குள் ஓடுவது எஞ்சினை ஓட்டும் புரோகிராம் அல்ல, பூட் எனப்படும் சின்னஞ்சிறு புரோகிராம். சில கருவிகள் தங்களுடைய சொந்த எழுதும் புரோகிராமை ஈசியூவின் ராம் நினைவகத்தில் ஏற்றி, அதைக்கொண்டு எழுதும். மின்சாரம் இருக்கும்வரை அது அங்கேயே காத்திருக்கும். சாவியை அணைத்தால் ராமில் இருப்பது போய்விடும், திறந்த பூட்டும் திரும்ப மூடிக்கொள்ளும்.

முதலில் பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிலையான பவர் சப்ளையை இணைத்து 13 முதல் 13.5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அது கையில் இல்லையென்றால், முழுதாக சார்ஜ் ஆன இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை ஜம்பர் கேபிளால் பக்கத்தில் கோர்க்கலாம். அந்தப் பேட்டரி வேறு வண்டியில் இருந்தால் அதன் எஞ்சின் ஓடக்கூடாது. ஹெட்லைட், ஏசி ஊதி, ஆடியோ எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்துங்கள். திரையில் இருக்கும் பிழை எண்ணையும் எத்தனை சதவீதத்தில் நின்றது என்பதையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு கருவியின் மெனுவில் ரெகவரி என்ற வழி இருந்தால் அதையே எடுங்கள். மறுபடி எழுதும்போது மாற்றிய ஃபைலைக் கொடுக்காமல் ஒரிஜினல் ஃபைலைக் கொடுங்கள். முதல் வேலை ஈசியூவைப் பேச வைப்பது, ட்யூனிங் எல்லாம் அப்புறம். கருவி முதலில் அடையாள எண்ணைப் படிக்க முயன்று தோற்றால், தானாகக் கண்டுபிடிக்கும் வழியை விட்டுவிட்டு வண்டி மாடலையும் ஈசியூ வகையையும் கையால் தேர்ந்தெடுங்கள். பூட் நிலையில் இருக்கும் ஈசியூ தன் சாஃப்ட்வேர் எண்ணைச் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் எழுத விடும்.

ஈசியூ உண்மையிலேயே செத்துவிட்டதா, பூட்டில் நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இடிசி17, எம்இடி17 ஈசியூவில் நினைவகம் அடுக்கடுக்காக இருக்கிறது. அடியில் எஸ்பூட், அதற்கு மேல் சிபூட் (இரண்டும் பூட் புரோகிராம்கள்), அதற்கு மேல் எஞ்சினை ஓட்டும் முக்கியப் புரோகிராம், உச்சியில் அந்தப் புரோகிராம் பார்க்கும் அட்டவணைகளான காலிபரேஷன் தரவு. ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டான ஓபிடி வழியாக ரீமேப் செய்யும்போது வழக்கமாக மேல் அடுக்குகள் மட்டுமே அழிக்கப்படும். பாதியில் நின்றால் சிபூட் விழித்து, "மேலே இருக்கிற புரோகிராம் முழுமையில்லை" என்று பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் செத்தது போலத்தான் இருக்கும்.

கார் அருகிலேயே நின்று சில சோதனைகள் செய்யலாம். ஆக்சிலரேட்டர் பெடலின் பிளக்கைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சென்சாருக்கு வரும் சப்ளை பின்னை எர்த்தோடு அளந்து பாருங்கள். 5 வோல்ட் சுத்தமாக வந்தால் ஈசியூவின் உள் மின்வழங்கி வேலை செய்கிறது, கோளாறு புரோகிராமில் இருக்கவே வாய்ப்பு அதிகம். 5க்குப் பதில் ஒன்றோ இரண்டோ வோல்ட் வந்தால், சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் அந்த சென்சார்தான் ஷார்ட், ரீமேப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதுவுமே வரவில்லை என்றால் ஈசியூவுக்கு மின்சாரம் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஈசியூவைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

மற்ற அடையாளங்கள்: சாவி ஆன் செய்ததும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவதே இல்லை. எரிபொருள் பம்ப் அந்த இரண்டு வினாடி முனகலைத் தருவதில்லை. ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். ஈசியூவிடமிருந்து கட்டளை வரவில்லை என்றால் எஞ்சின் சூடாகிவிடக்கூடாதே என்று ஃபேன் கட்டுப்பாடு தானாகவே முழு வேகத்துக்குப் போகும்படி பல கார்களில் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் ஃபேன் 20, 30 ஆம்பியர் இழுக்கும். மீட்பு வேலைக்கு இருக்க வேண்டிய பேட்டரியை அது குடித்துவிடும். ஃபேனின் பிளக்கையோ ஃபியூஸையோ கழற்றி வையுங்கள். எஞ்சின் ஓடும் முன் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

எந்த ஸ்கேனரைப் போட்டாலும் "தொடர்பு இல்லை" என்றுதான் வருகிறது. ஈசியூ போய்விட்டதா?

அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். எஞ்சினோடு மட்டும் பேச முடியவில்லையா, ஏபிஎஸ், ஏர்பேக், டேஷ்போர்டு மீட்டர் எதோடும் பேச முடியவில்லையா? எதோடும் இல்லை என்றால் ஓபிடி சாக்கெட்டைப் பாருங்கள். 16வது பின்னில் பேட்டரி வோல்ட் வர வேண்டும், 4வதும் 5வதும் எர்த். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் ஓபிடிக்கும் ஒரே ஃபியூஸ். லைட்டரில் இன்வெர்ட்டர் மாட்டி லேப்டாப்பை சார்ஜ் செய்தவர்களுக்கு அந்த ஃபியூஸ்தான் போயிருக்கும்.

காரின் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர் வலைதான் கேன். 6வது பின் கேன் ஹை, 14வது கேன் லோ. சாவி ஆன் நிலையில் எர்த்தோடு அளந்தால் இரண்டும் 2.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஹை கொஞ்சம் மேலே, லோ கொஞ்சம் கீழே. ஏதாவது ஒன்று பூஜ்யமாகவோ 12 வோல்ட்டாகவோ இருந்தால் ஒயரிங்கில் ஷார்ட் உண்டு. பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே மின்தடை அளந்தால் சாதாரண கேன் வலையில் 60 ஓம் வரும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. கேன் வலைகளை இணைக்கும் கேட்வே மாட்யூல் உள்ள கார்களில் இந்த அளவு சாக்கெட்டிலிருந்து கேட்வே வரைக்குமான கதையை மட்டுமே சொல்லும். எஞ்சின் பக்கத்தை அறிய ஈசியூ பிளக்கிலேயே அளக்க வேண்டும்.

எஞ்சின் மட்டும் பேசவில்லை என்றால், ஈசியூவுக்குப் போகும் மூன்று பாதைகளைப் பாருங்கள்: நிரந்தர பாசிட்டிவ், சாவி வழியாக வரும் பாசிட்டிவ், எர்த். மெயின் ரிலே மூலம் வரும் சப்ளை இருக்கும் கார்களில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரும் மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அந்தப் பாசிட்டிவ்வுக்கும் எர்த்துக்கும் இடையே போட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் பாதை நல்லது, மங்கினால் ஒயரிலோ ஃபியூஸ் பெட்டியிலோ ரிலேயிலோ கோளாறு.

கருவி காட்டும் எண்களுக்கு என்ன பொருள்?

இன்றைய கார்கள் பேசும் யூடிஎஸ் மொழியில் மறுப்புப் பதில் மூன்று துண்டாக வரும். முதலில் 7எஃப், நடுவில் நீங்கள் கேட்ட சேவையின் எண், கடைசியில் மறுத்த காரணம். கடைசி எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

22 என்றால் சூழ்நிலை சரியில்லை: எஞ்சின் ஓடுகிறது, அல்லது வோல்ட் போதவில்லை. 31 என்றால் கேட்ட முகவரியோ அளவோ எல்லைக்கு வெளியே. வேறு ஈசியூவின் ஃபைலைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 33, பூட்டுத் திறக்கப்படவில்லை. 35, பூட்டைத் திறக்கக் கருவி கொடுத்த சாவி எண் தவறு. 36, தவறான முயற்சிகள் எல்லை தாண்டிவிட்டன. 37, காத்திருப்பு நேரம் இன்னும் முடியவில்லை. 36ம் 37ம் வந்தால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். பேட்டரிக்கு சப்ளை கொடுத்துவிட்டு சாவியை ஆனிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், எண்ணிக்கை இறங்கிவிடும். 72 என்றால் ஃப்ளாஷ் நினைவகத்தை அழிப்பதோ எழுதுவதோ தோற்றது. பெரும்பாலும் வோல்ட் குறைவு, அரிதாக சிப்பே தேய்ந்திருக்கும்.

78 பிழையே அல்ல. "வேலை நடக்கிறது, பொறு" என்கிறது ஈசியூ. பெரிய பிளாக்கை அழிக்கும்போது இது வரிசையாக வரும். அதைப் பிழை என்று எண்ணிக் கேபிளைப் பிடுங்கிய ஈசியூக்கள் நிறைய உண்டு.

ஒரு சிறு குழப்பம்: 36 நடுவில் வந்தால் அது தரவு அனுப்பும் சேவையின் எண். கடைசியில் வந்தால்தான் முயற்சி எல்லை.

பேட்டரிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வண்டி நன்றாகத்தானே ஸ்டார்ட் ஆனது?

ஸ்டார்ட் ஆவதற்கு சில வினாடி பலம் போதும். எழுதுவதற்கு, காலிபரேஷன் மட்டும் என்றால் சில நிமிடம், முழு ஃபைல் என்றால் கருவியைப் பொறுத்து இருபது நிமிடத்துக்கு மேலும் சாவி ஆனில் நிற்க வேண்டும். அத்தனை நேரமும் மீட்டர், கேட்வே, ஃபேன், சில கார்களில் எரிபொருள் பம்பும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருக்கும். 12.6 வோல்ட்டில் தொடங்கிய நடுத்தர வயதுப் பேட்டரி பாதியில் 11.8க்கு வந்து நிற்கும். ஃப்ளாஷ் செல்லை அழிப்பதற்கான மின்னழுத்தத்தை சிப் தனக்குள்ளேயே உருவாக்குகிறது; உள்ளே வருவது ஆடினால் அழிப்பு அரைகுறையாகும்.

எந்த சார்ஜரும் சரி என்று நினைக்க வேண்டாம். பட்டறைகளில் இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்கள் அலையடிக்கும் மின்சாரத்தைத் தரும், பூஸ்ட்டில் வைத்தால் 15, 16 வோல்ட்டுக்கும் ஏறும். விட்டுவிட்டு சார்ஜ் செய்யும் ஸ்மார்ட் சார்ஜர்களும் வேண்டாம். பவர் சப்ளை முறை உள்ள, குறைந்தது 30 ஆம்பியர், முடிந்தால் 50 ஆம்பியர் தாங்கும், வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் சப்ளைதான் தேவை. கிளிப்பை முனையிலேயே பிடியுங்கள், வெள்ளைப் பூத்திருந்தால் சுரண்டிவிட்டுப் பிடியுங்கள். ரீமேப் கருவிக்குச் செலவழித்தவர்கள் இதற்கு யோசிப்பது எங்களுக்குப் புரியவே இல்லை. ஒரு ஈசியூவின் விலையில் இது வந்துவிடும்.

100 சதவீதம் எழுதி முடித்தது என்று காட்டியது. பிறகு ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலாவது செக்சம். ஈசியூ விழிக்கும்போது தன் புரோகிராமைத் தானே கூட்டிப் பார்த்து, பதிவாகியிருக்கும் கூட்டுத்தொகையோடு ஒப்பிடும். ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் தொகை மாறிவிடும். இடிசி17, எம்இடி17இல் சிஆர்சி சரிபார்ப்போடு ஆர்எஸ்ஏ டிஜிட்டல் கையொப்பமும் உண்டு. மாற்றிய ஃபைலில் இவற்றைச் சரிசெய்யாமல் எழுதினால் ஈசியூ சிபூட்டிலேயே உட்கார்ந்துவிடும், அல்லது ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் அணையும். கருவி செக்சம் போடும் என்று எண்ணி எடிட்டரில் விட்டுவிடுவது, எடிட்டர் போட்டிருக்கும் என்று எண்ணிக் கருவியில் அணைத்துவைப்பது, இரண்டுமே அன்றாடம் நடக்கின்றன.

இரண்டாவது, பொருந்தாத ஃபைல். போஷ் ஹார்ட்வேர் எண் டீசலுக்கு 0281 என்றும் பெட்ரோலுக்கு 0261 என்றும் தொடங்கும். அந்த எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. சாஃப்ட்வேர் எண்ணும் அதன் பதிப்பும் ஒத்திருக்க வேண்டும். "இதே எஞ்சின், இதே வருடம்" என்று பக்கத்து வண்டியின் ஃபைலைப் போட்டால், காலிபரேஷனில் இருக்கும் அட்டவணைகளை முக்கியப் புரோகிராம் தவறான முகவரியில் தேடும்.

மூன்றாவது, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர். வண்டி ஸ்டார்ட் ஆகி ஓரிரு வினாடியில் அணைகிறது, மீட்டரில் சாவி விளக்கு மினுக்குகிறது, ஃபோக்ஸ்வேகன் குழும வண்டியில் பி1570 வருகிறது என்றால், ஈசியூ உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு மீட்டரை அடையாளம் தெரியவில்லை. வண்டியின் சொந்த அடையாளத்தை வைத்திருக்கும் ஈப்ராம் நினைவகத்தின் தரவையும் சேர்த்து வேறு வண்டியின் முழு ஃபைலை எழுதினால் இப்படித்தான் ஆகும். உங்கள் வண்டியின் சொந்த ஈப்ராம் ஃபைலைத் திரும்ப எழுதுவதுதான் தீர்வு.

பேட்டரி முனையைக் கழற்றி அரைமணி நேரம் விட்டால் சரியாகுமா?

எழுதி முடித்த பிறகு கேட்வேயோ ஈசியூவோ சிக்கிக்கொண்டு நின்றால் சரியாகலாம். அழிந்த புரோகிராம் இதனால் திரும்பாது. எழுதும் வேலை நடுவில் நின்ற நேரத்தில் இதை முதல் வைத்தியமாகச் செய்யவே கூடாது.

மலிவு விலை நகல் கருவியால்தான் இப்படி ஆனதா?

நகல் கருவிகளில் படிப்பது பெரும்பாலும் நடந்துவிடும், சிக்கல் எழுதும்போதுதான். பழைய பதிப்பை உடைத்து விற்கப்படும் மென்பொருளில் புதிய ஈசியூ வகைகளின் நெறிமுறை அரைகுறையாக இருக்கும். வைரஸ் தடுப்பான் அதன் ஃபைல்களில் ஒன்றைப் பாதியில் எடுத்துவிடும். இணையத்தோடு இணைத்தால் கருவியே பூட்டிக்கொள்ளும். வட்டப் பிளக்கின் உள்ளே ஈயப்பற்று சரியில்லாமல், கேபிள் அசைந்தால் தொடர்பு அறுவதும் உண்டு.

அசல் கருவி வைத்திருப்பவர்களுக்கும் லேப்டாப் தூங்கிப்போவதால் ஈசியூ போகிறது. எழுதும் முன் தூக்க நிலை, திரை அணைப்பு, விண்டோஸ் புதுப்பிப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். யூஎஸ்பி ஹப் வேண்டாம், லேப்டாப்பின் துளையிலேயே நேராக மாட்டுங்கள். ப்ளூடூத் இஎல்எம்327 என்ற ஸ்கேன் அடாப்டர் எழுதுவதற்கானது அல்ல.

ஓபிடி வழியாக எதுவும் நடக்கவில்லை. அடுத்து?

இரண்டு வழிகள். கார் நிறுவனத்தின் சொந்த மென்பொருள் கைக்கு எட்டினால், பூட்டில் நிற்கும் ஈசியூவுக்கு அதன் வழியாக அசல் புரோகிராமை ஏற்றலாம். சிபூட் அதை ஏற்றுக்கொள்ளவே வடிவமைக்கப்பட்டது. இல்லையென்றால் ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்ய வேண்டும். இதை பெஞ்ச் என்கிறார்கள்.

கழற்றும் முன் சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, பத்து நிமிடம் விடுங்கள். சாவியை எடுத்த பிறகும் சிறிது நேரம் ஈசியூ தன்னைத்தானே விழிப்பில் வைத்துக்கொண்டு தரவைச் சேமிக்கும். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களில் திருட்டைத் தடுக்கத் தலை உடைந்த போல்ட்களோடு இரும்புக் கூடு இருக்கும். டிரெமல் சக்கரத்தால் தலையில் பள்ளம் வெட்டித் திருப்புங்கள். இரும்புத் தூள் பிளக்குக்குள் போகாமல் முதலில் டேப் ஒட்டுங்கள்.

மேசையில் மின்னழுத்தம் 12 முதல் 13.5 வோல்ட், மின்னோட்ட வரம்பு 2 ஆம்பியர். தேவையான இணைப்புகள் நிரந்தர பாசிட்டிவ், சாவி பாசிட்டிவ், எர்த், கேன் ஹை, கேன் லோ. கூடவே போஷ் பெஞ்ச் முறைக்கு, கருவி சிக்னல் தரும் ஜிபிடி ஒயர்கள் இரண்டு. பின் எண்கள் ஒவ்வொரு ஈசியூவுக்கும் மாறும். உங்கள் ஹார்ட்வேர் எண்ணுக்கான படத்தைக் கருவியின் மென்பொருளிலிருந்து எடுங்கள், இணையத்தில் யாரோ போட்ட படத்திலிருந்து அல்ல.

மின்சாரம் கொடுத்ததும் சப்ளையின் ஆம்பியர் எண்ணைக் கவனியுங்கள். உயிருள்ள ஈசியூ சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். பூஜ்யத்திலேயே நின்றால் இணைப்பு தவறு, அல்லது உள்ளே சப்ளைப் பாதை அறுந்திருக்கிறது. ஒரே பாய்ச்சலில் வரம்பைத் தொட்டால் உடனே அணையுங்கள். உள்ளே ஷார்ட், அல்லது பாசிட்டிவ்வும் எர்த்தும் மாறியிருக்கிறது. மின்சாரம் இல்லாத நிலையில் கேன் பின்கள் இரண்டின் நடுவே அளந்து, 60ஐ ஒட்டியோ 120 ஆகவோ வந்தால் ஈசியூவுக்குள்ளேயே முடிவுத் தடை இருக்கிறது. கிலோ ஓம்களில் வந்தால் நீங்கள் 120 ஓம் தடை ஒன்றைக் கோர்க்க வேண்டும்.

பெஞ்சில் தொடர்பு கிடைத்தவுடன் எழுதத் துடிக்காதீர்கள். முதலில் முழுமையாகப் படியுங்கள்: ஃப்ளாஷ், ஈப்ராம், கடவுச்சொல். கெட்ட ஃப்ளாஷாகவே இருந்தாலும் படித்து வையுங்கள். ஈப்ராமில் உங்கள் வண்டியின் இம்மொபிலைசர் அடையாளம் இருக்கிறது, அது உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

பூட் மோட் என்றால் மூடியைத் திறப்பதா? எப்போது தேவை?

பெஞ்சும் தோற்றால்தான். சிபூட்டே அழிந்திருந்தால் வேறு வழியில்லை. இடிசி17, எம்இடி17இல் இருப்பது இன்ஃபினியனின் ட்ரைகோர் வகை சிப். இடிசி17சி46இல் டிசி1767, இடிசி17சிபி14இல் டிசி1796. இரண்டிலும் புரோகிராமுக்கு 2 மெகாபைட். மின்சாரம் ஏறும் நொடியில் பூட் பின் எர்த்தில் இருந்தால், சிப் தன் ஃப்ளாஷைப் பார்க்காமல் வெளியிலிருந்து வரும் புரோகிராமுக்குக் காத்திருக்கும். கருவி அதன் வழியாக உள்ளே நுழைந்து கடவுச்சொல்லைப் படித்து, ஃப்ளாஷைத் திறக்கும்.

மூடி சிலிக்கான் பசையால் ஒட்டியிருக்கும். ஹீட் கன்னால் கை தொட முடியாத சூட்டுக்கு, ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரி வரை, சுற்றிலும் சீராகச் சூடாக்கி, மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவரை ஒரு அங்குலம் உள்ளே விட்டால் ஓரத்து உதிரிகள் பெயர்ந்து வரும். கையில் நிலைமின் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் மேலேயே பொருத்தப்படும் சில சிறு ஈசியூக்களில் பீங்கான் தகடும், கெட்டியான ஜெல்லுக்குள் முடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பிகளும் இருக்கும். மூடியைத் திறந்து ஜெல்லைப் பார்த்தால் கை வைக்காமல் மூடிவிடுங்கள்.

பூட் புள்ளி குண்டூசித் தலையைவிடச் சிறியது. மேலே இருக்கும் வார்னிஷைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டினால் செம்பு மினுங்கும். அங்கே 30 கேஜ் ஒயரைத் தொடவைத்து ஈயம் பற்றவையுங்கள். ஊசி முனைகளோடு வரும் சட்டம் இருந்தால் பற்றவைப்பே வேண்டாம். பலர் தோற்கும் இடம் இங்கே இல்லை, வரிசையில்தான்: பூட் ஒயர் எர்த்தில் இருந்த பிறகுதான் மின்சாரம் ஏற வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஒயரைத் தொட்டால் சிப் கவனிக்காது. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே சப்ளையை முழுதாக அணைத்து ஐந்து வினாடி விடுங்கள்.

கடவுச்சொல்லை ஃபைலாகச் சேமித்து, ஹார்ட்வேர் எண்ணோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பாதுகாப்பு அமைப்பு இருக்கும் யூசிபி பகுதியை எழுதாதீர்கள். அது கெட்டால் சிப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எழுதும் முன் நான் ஒரிஜினலைப் படித்து வைக்கவில்லையே?

படித்ததாக நினைத்தவர்களிடமும் சில சமயம் இருக்காது. ஓபிடி வழியாகப் பல இடிசி17களை உண்மையில் படிக்க முடியாது. கருவி அடையாள எண்ணை மட்டும் வாங்கி, அதற்குப் பொருந்தும் ஃபைலைத் தன் சர்வரிலிருந்து இறக்கித் தரும். இதற்கு விர்ச்சுவல் ரீட் என்று பெயர். ஃப்ளாஷை மீட்க அது போதும். ஈப்ராம் அதில் இருக்காது.

ஒன்றுமே இல்லையென்றால், ஈசியூ உறையின் ஸ்டிக்கரில் இருக்கும் போஷ் எண்ணையும், வண்டி நிறுவன எண்ணையும், பழைய ஸ்கேன் அறிக்கை ஏதாவது இருந்தால் அதில் இருக்கும் சாஃப்ட்வேர் எண்ணையும் வைத்து, கருவி தயாரித்தவரின் உதவிப் பிரிவில் கேளுங்கள். ஸ்டிக்கர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இடையில் ஷோரூமில் சாஃப்ட்வேர் புதுப்பித்திருந்தால் உள்ளே இருப்பது வேறு பதிப்பாக இருக்கும்.

பழைய ஈசியூ ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால்?

அப்படியே மாட்டினால் இம்மொபிலைசர் விடாது. அதே ஹார்ட்வேர் எண்ணுள்ள ஈசியூவை வாங்கி, உங்கள் பழைய ஈசியூவின் ஃப்ளாஷையும் ஈப்ராமையும் அதில் எழுத வேண்டும். பழையதில் சிப் பேசும் நிலையில் இருந்தால் இது நடக்கும். வாங்கும்போது விற்பவரிடம் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீது கேளுங்கள், திருட்டு வண்டியின் உதிரியாக இருந்துவிடக்கூடாது.

உயிர் வந்துவிட்டது. உடனே ஓட்டலாமா?

சாவியை ஆன் செய்து எஞ்சின் விளக்கு எரிகிறதா, ஸ்கேனரில் சாஃப்ட்வேர் எண் சரியாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா மாட்யூல்களிலும் பிழைக் குறியீடுகள் நிரம்பியிருக்கும், ஈசியூ பேசாத நேரத்தில் மற்றவை அதைத் தேடிப் பதிவு செய்தவை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடி வருவதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

டீசலில் இன்ஜெக்டர் தலையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டையும் ஈசியூவில் பதிவாகியிருப்பதையும் சிலிண்டர் வாரியாக ஒப்பிடுங்கள். ஈப்ராம் மாறியிருந்தால் இவை கலைந்திருக்கும். வண்டி ஓடும், ஐடிலில் உதறும், புகையும். துகள் வடிகட்டியின் சாம்பல் கணக்கு பூஜ்யமாகியிருந்தால் பழைய மதிப்பைத் திரும்பக் கொடுங்கள், இல்லையென்றால் வடிகட்டி அடைத்துக்கொள்வதை ஈசியூ உணராது. பெட்ரோலில் த்ராட்டிலின் நிலைகளை ஈசியூவுக்குப் புதிதாகக் கற்பிக்கும் த்ராட்டில் அடாப்டேஷன் செய்யுங்கள். கழற்றி வைத்த ஃபேன் பிளக்கை மாட்டிவிட்டீர்களா?

ஒரிஜினல் ஃபைலில் குறைந்தது ஓரிரு நாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மறுபடி ட்யூனிங் பற்றிப் பேச வேண்டும். எதனால் நின்றது என்று கண்டுபிடிக்காமல் மாற்றிய ஃபைலைத் திரும்ப ஏற்றுவது அதே குழியில் இரண்டாவது முறை விழுவது.

ஷோரூமில் கண்டுபிடிப்பார்களா? சட்டச் சிக்கல் உண்டா?

கண்டுபிடிக்க முடியும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் மாற்றிய சாஃப்ட்வேர் தெரிந்தால் அந்த வண்டியின் கணக்கில் டிடி1 என்ற குறி விழும். எஞ்சின், கியர்பாக்ஸ் உத்தரவாதம் அதோடு போய்விடலாம். இந்தியாவில் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை சாஃப்ட்வேரில் அணைக்கும் வேலையை நாங்கள் ஆதரிக்கவில்லை. அந்தப் புகையை மூச்சில் வாங்குவது பின்னால் பைக்கில் வருகிறவர்.

ஈசியூவை வெளியூர் நிபுணருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புவது?

பிளக் பின்கள் வளையாமல் நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, அதற்குமேல் குமிழி உறை சுற்றி, கெட்டியான அட்டைப் பெட்டியில் வையுங்கள். சாதாரண தெர்மோகோல் உருண்டைகள் வேண்டாம், அவை உரசி நிலைமின் உண்டாக்கும். கூடவே ஒரு தாளில் வண்டி மாடல், வருடம், சேசிஸ் எண், எந்தக் கருவி, எத்தனை சதவீதத்தில் நின்றது, பிழை எண், அதற்குப் பிறகு என்னென்ன முயன்றீர்கள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். மூடியைத் திறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரிஜினல் ஃபைல், மாற்றிய ஃபைல், கருவியின் பதிவு ஃபைல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஈசியூவை மட்டும் மேசையில் வைத்து இம்மொபிலைசரைச் சோதிக்க முடியாது; மீட்டரும் சாவியும் தேவைப்படுமா என்று அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் அவிழ்ந்து தொங்கும் பிளக்குகளைப் பாலித்தீன் பையால் கட்டி வையுங்கள். மழைத்தண்ணீர் ஏறிப் பச்சை பூத்த பின்களால், சரிசெய்து வந்த ஈசியூ மறுபடி பேசாமல் போகும்.